செல்போன் கேமராவும் ஒரு குதிப்பும்: விளையாட்டு பயோமெக்கானிக்ஸ் கற்கத் தொடங்குவோருக்கு

1995 டிசம்பர் 26, மெல்போர்ன் மைதானம். முத்தையா முரளிதரன் பந்து வீச வருகிறார். பந்துவீசும் முனையில் நின்ற நடுவர் டேரல் ஹேர், அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-பால் கொடுத்தார். டிவியில் பார்த்த பலருக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் பல கேமராக்களை வைத்து அவர் கையை முப்பரிமாணத்தில் அளந்தார்கள். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை, அதோடு தோளும் மணிக்கட்டும் சுழலும் விதம், இவை சேர்ந்து எறிவது போன்ற தோற்றத்தைத் தருகின்றன என்று தெரியவந்தது.

இதை நீங்களே இன்று ராத்திரி பார்த்துவிடலாம். டார்ச் வெளிச்சத்தைச் சுவர்மேல் அடியுங்கள். கையைச் சுவருக்கு இணையாக நீட்டி, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, அந்த மடிப்பு மாறாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது தோளிலிருந்து முழுக் கையையும் மெல்ல உருட்டுங்கள். நிழல் வளைந்திருக்கும், அப்புறம் நிமிரும், மறுபடி வளையும். உங்கள் முழங்கையோ அசையவே இல்லை. ஒரே கேமராவில் எடுத்த வீடியோ என்பதும் இந்த நிழல் மாதிரிதான்.

2005 மார்ச் முதல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் ஒரே வரம்பை வைத்தது. தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட மேல்கை கிடைமட்டத்துக்கு வந்த நேரத்திலிருந்து பந்து விரலை விட்டு விலகும்வரை, முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது. வளைந்த கையோடு வீசலாம், வீசும்போது நிமிர்த்துவதைத்தான் அளக்கிறார்கள். அந்த வரம்பு வந்தபின் முரளிதரன் இன்னும் ஐந்து ஆண்டு ஆடி, 800 விக்கெட்டோடு 2010இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

மனித உடலின் அசைவை இயற்பியலால் ஆராய்வதுதான் பயோமெக்கானிக்ஸ். தமிழில் உயிரி இயக்கவியல் என்று எழுதுகிறார்கள். இதைக் கற்க ஆய்வகம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு செல்போன், ஒரு மீட்டர் கோல், ஒரு நோட்டு, குதிக்கத் தயாராக ஒரு நண்பர், இவ்வளவு போதும். ஆனால் என்ன அளந்தாலும், அந்த அளவில் எவ்வளவு பிழை இருக்கிறது என்று தெரிந்த பிறகே அதை நம்ப வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

முதல் படி: ஒரு சின்னக் கேள்வி

"ஓட்டத்தை ஆராயப் போகிறேன்" என்று தொடங்குபவர்கள் பத்து நாளில் நூறு வீடியோ சேர்த்துவைத்துவிட்டு, அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். ஓட்டம் மிகப் பெரியது. ஓர் அசைவு, ஒரு மாற்றம், ஓர் அளவு என்று கேள்வியைச் சுருக்குங்கள்.

நான் பரிந்துரைப்பது இது: நின்ற இடத்திலிருந்து நேராக மேலே குதிக்கும்போது, கையை வீசினால் எத்தனை சென்டிமீட்டர் கூடுகிறது? அசைவு எளியது. அளக்க வேண்டியது உயரம் ஒன்றுதான். குதிப்புக்குப் பின்னால் உள்ள இயற்பியல் பள்ளிப் பாடத்தில் வந்ததுதான். வாலிபால், கூடைப்பந்து, கபடி என்று எந்த ஆட்டக்காரரும் இதைச் செய்து காட்ட முடியும்.

இரண்டாம் படி: பழைய இயற்பியல் புத்தகத்தைத் தூசி தட்டுங்கள்

பதினோராம் வகுப்புப் புத்தகம் போதும். நியூட்டனின் மூன்று விதிகள், கணத்தாக்கு, திருப்பு விசை, நிறை மையம். இவற்றில், உடலின் நிறை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியான நிறை மையத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது உடம்பில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நேராக நிற்கும்போது இடுப்பளவில், உடலுக்குள் இருக்கும். கையைத் தூக்கினால் மேலே ஏறும். உடம்பை வில்லாக வளைத்தால் உடலுக்கு வெளியேயே போய்விடும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி முதுகு கீழே இருக்கும்படி வளைந்து 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அப்படித் தாண்டும்போது உடம்பு குறுக்குக் கம்பிக்கு மேலே போக, நிறை மையம் கம்பிக்குக் கீழேகூடப் போக முடியும். இன்று உயரம் தாண்டுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்த முறையில்தான் தாண்டுகிறார்கள்.

தரையை விட்டுக் கால் எழும்பியபின், காற்றில் என்ன செய்தாலும் நிறை மையத்தின் பாதை மாறாது. நம் அளவீடு முழுக்க இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

மூன்றாம் படி: கேமராவை நிறுத்துவது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். தொடக்கத்தில் நான் எடுத்த வீடியோக்களில் பாதிக்கு மேல் பயன்படாமல் போனதற்கு, கேமராவைக் கண்ட இடத்தில் நிறுத்தியதுதான் காரணம்.

செல்போனில் ஸ்லோ மோஷனை ஒரு நொடிக்கு 240 பிரேம் (தனித்தனிப் படம்) என்று வையுங்கள். சில போன்களில் 960 என்று போட்டிருக்கும். அதை எடுக்க வேண்டாம், பல போன்களில் இடையிலுள்ள பிரேம்களை மென்பொருளே கற்பனை செய்து நிரப்புகிறது. 240 உண்மையிலேயே 240தானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சரியாக 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கீழே விட்டுப் படமெடுங்கள். ஈர்ப்பு விதிப்படி அது தரையைத் தொட 0.45 நொடி ஆகும், அதாவது 108 பிரேம். எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் சரி. அதற்கு மேல் விலகினால் அந்த போனை நம்ப வேண்டாம்.

வெயில் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஸ்லோ மோஷனில் படம் முழுக்கப் பட்டைபட்டையாக ஓடும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, மாற்ற வழியிருந்தால் 1/1000 நொடிக்கு வையுங்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும் கால், 1/50 நொடியில் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படத்தில் வெறும் கறைதான் இருக்கும். 1/1000 என்றால் 1 சென்டிமீட்டர்தான்.

குதிப்பின் நேரத்தை மட்டும் அளப்பதென்றால் போனைத் தரையோடு தரையாக, இரண்டு மீட்டர் தள்ளி, குதிப்பவரின் பாதத்தைப் பார்க்கும்படி செங்கல்மேல் சாய்த்துவைத்தால் போதும். தெரிய வேண்டியது ஷூவின் முனையும் தரையும்தான்.

பிற்பாடு முழங்கால் மடிப்பையோ தூரத்தையோ அளக்கப் போகும்போது வேறு மாதிரி நிறுத்த வேண்டும். ட்ரைபாடில், இடுப்பு உயரத்தில், குறைந்தது ஐந்தாறு மீட்டர் தள்ளி, அசைவு நடக்கும் தளத்துக்குச் செங்குத்தாக. கேமரா 10 பாகை திரும்பினால் ஒரு மீட்டர் 98.5 சென்டிமீட்டராகத் தெரியும், பரவாயில்லை. 30 பாகை திரும்பினால் 87 சென்டிமீட்டராகிவிடும். செங்குத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மூலைமட்டம் பார்க்க நம் ஊர்க் கொத்தனார் பயன்படுத்தும் மூன்றடி, நாலடி, ஐந்தடிக் கயிறே போதும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன் மேல் கயிற்றை வைத்துச் செங்கோணம் எடுத்து, அந்த நேரில் ட்ரைபாடை நிறுத்துங்கள்.

மீட்டர் கோலை எங்கே வைப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். பின்சுவரில் ஒட்டிவிடுவார்கள். கேமராவிலிருந்து ஆள் 4 மீட்டரிலும் சுவர் 5 மீட்டரிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்திலுள்ள கோல் சிறியதாகத் தெரியும், அதை வைத்து அளந்தால் 1.70 மீட்டர் உயரமுள்ளவர் 2.12 மீட்டர் ஆகிவிடுவார். கோல் எப்போதும் ஆள் அசையும் அதே தளத்தில் இருக்க வேண்டும். அவர் நிற்கும் இடத்திலேயே பிடித்து ஒரு பிரேம் எடுத்துக்கொண்டு, பிறகு கோலை அகற்றிவிடுங்கள்.

நான்காம் படி: குதிக்க வைப்பது

முதலில் அனுமதி. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் வாங்குங்கள். வீடியோவில் முகம் தெரிய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. முழங்கால், கணுக்கால், முதுகில் வலி இருப்பவரைக் குதிக்க வைக்காதீர்கள். பத்து நிமிடம் உடம்பைச் சூடுபடுத்தட்டும். ஈரத் தரையும் வழுக்கும் ஷூவும் வேண்டாம்.

பிறகு இரண்டு வகைக் குதிப்பு. ஒன்றில் கை இரண்டும் இடுப்பிலேயே இருக்க வேண்டும். இன்னொன்றில் தாராளமாக வீசலாம். ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஒவ்வொரு குதிப்புக்கும் நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. ஒவ்வொரு முறையும் எந்த வகை என்று நாணயம் சுண்டி முடிவுசெய்யுங்கள். முதல் ஐந்தும் இடுப்பில் கை, அடுத்த ஐந்தும் வீச்சு என்று வைத்தால், கூடிய உயரம் கை வீச்சால் வந்ததா, உடம்பு சூடானதால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

எழும்பும்போது கால் எப்படி நேராக இருந்ததோ, அப்படியே நேராக இருக்கும்போதுதான் முனைப்பாதம் தரையைத் தொட வேண்டும், தொட்டபின் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம் என்று குதிப்பவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். காற்றிலேயே முழங்காலை மடக்கினால் பாதம் தாமதமாகத் தொடும், பறந்த நேரம் கூடிவிடும், உண்மையில் இல்லாத உயரம் கணக்கில் ஏறும். கையிலும் இதே சிக்கல். எழும்பும்போது மேலே இருந்த கை இறங்கும்போது கீழே தொங்கினாலும் கணக்கு கொஞ்சம் கூடும். அதனால் கை வீசுகிறவர், தரை தொடும்வரை கையை மேலேயே வைத்திருக்கட்டும்.

ஐந்தாம் படி: எண்ணுவதும் கணக்கிடுவதும்

கினோவியா என்ற இலவச மென்பொருள் விண்டோஸில் ஓடும். டிராக்கர் என்பதும் இலவசம், மேக், லினக்ஸ் கணினிகளிலும் ஓடும். வீடியோவைக் கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது வீடியோவைச் சுருக்கிவிடும், பிரேம்கள் காணாமல் போகலாம்.

பிரேம் பிரேமாக நகர்த்தி, ஷூ முனை தரையை விட்டுப் பிரிந்த முதல் பிரேமையும், மீண்டும் தொட்ட முதல் பிரேமையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள பிரேம்களை 240ஆல் வகுத்தால் பறந்த நேரம். திரையில் ஓடும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் மெதுவாக்கிய நேரத்தைத்தான் காட்டும்.

மேலே போக ஆகும் நேரமும் கீழே வர ஆகும் நேரமும் சமம் என்பதால், நொடியில் உள்ள பறந்த நேரத்தை வர்க்கப்படுத்தி 122.6ஆல் பெருக்கினால் உயரம் சென்டிமீட்டரில் வந்துவிடும். ஈர்ப்பு முடுக்கமான 9.81ஐ 8ஆல் வகுத்து, சென்டிமீட்டராக்க 100ஆல் பெருக்கி வந்ததுதான் அந்த எண். 120 பிரேம் என்றால் அரை நொடி, உயரம் 30.7 சென்டிமீட்டர்.

இப்போது பிழையைப் பாருங்கள். ஒரு பிரேம் தப்பாக எண்ணி 121 என்று போட்டால் 31.2 வரும். அரை சென்டிமீட்டர் வித்தியாசம். இதையே சாதாரண 30 பிரேம் வீடியோவில் செய்திருந்தால் 15 பிரேமுக்கு 30.7, 16 பிரேமுக்கு 34.9. ஒரு பிரேம் பிசகினால் நான்கு சென்டிமீட்டர்! சாதாரண வீடியோவை வைத்து "என் குதிப்பு மூன்று சென்டிமீட்டர் கூடியிருக்கிறது" என்று யாராவது சொன்னால், அந்த மூன்று சென்டிமீட்டர் கேமராவின் இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அடுத்து ஆள் செய்யும் வேறுபாடு. ஒருவருடைய ஐந்து குதிப்புகள் 30.1, 31.4, 29.8, 30.9, 31.0 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 30.6. ஒரே ஆள், ஒரே காலை, ஒரே முறை, ஆனாலும் 1.6 சென்டிமீட்டர் இடைவெளி. ஒரு மாதப் பயிற்சிக்குப் பின் சராசரி 31.2 வந்தால் அதை முன்னேற்றம் என்று நான் எழுத மாட்டேன். 34 வந்தால் எழுதுவேன். ஐந்து எண்ணையும் எழுதிவையுங்கள், மிகச் சிறந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடாதீர்கள்.

கை வீச்சுக் கேள்வியில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. பொதுவாகப் பத்து விழுக்காடும் அதற்கு மேலும் கூடுவதைப் பார்ப்பீர்கள். வீசிய கை மேலே போகும்போது கால் தசைகளின் மேல் பாரம் கூடுகிறது, அவை மெதுவாகச் சுருங்க நேர்கிறது. மெதுவாகச் சுருங்கும் தசை அதிக விசை கொடுக்கும். எழும்பும் நொடியில் நிறை மையத்தையும் கை உயர்த்திவிடுகிறது, ஆனால் அந்தப் பங்கு நம் பறந்த நேரக் கணக்கில் சேராது. ஆகவே கை தரும் உண்மையான உதவி, உங்கள் எண் சொல்வதைவிட அதிகம்.

ஆறாம் படி: கோணம்

குதிப்பு கைவந்தபின் கோணத்துக்குப் போங்கள். முழங்கால் மடிப்பை அளக்க மூன்று புள்ளி வேண்டும்: இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலின் வெளி எலும்பு. உடம்போடு ஒட்டிய உடை போடச் சொல்லி, அந்த இடங்களில் பளிச்சென்று தெரியும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

ஒரே பிரேமை இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை, மறுநாள் ஒருமுறை அளந்து பாருங்கள், முன்பு வந்த எண்ணைப் பார்க்காமல். மூன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் உங்கள் கையின் பிழை. அதோடு எலும்பின் மேல் தோல் வழுக்கும். தொடையில் இது அதிகம். இதெல்லாம் சேர்ந்தபின் இரண்டு பாகை வித்தியாசத்தை வைத்து ஒருவருடைய ஓட்ட முறையை மாற்றச் சொல்வது நியாயமாக இருக்காது. மீடியாபைப் (MediaPipe) போன்ற மென்பொருள்கள் தானாகவே மூட்டுகளைக் கண்டுபிடித்துக் கோடு போட்டுத் தருகின்றன. பார்க்க அழகாக இருக்கும், வேலையும் மிச்சம். ஆனால் பத்து பிரேமையாவது கையால் அளந்து ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

பந்துவீச்சு, ஈட்டி எறிதல், டென்னிஸ் சர்வ் போல உடம்பு திருகிக்கொள்ளும் அசைவுகளை ஒற்றைக் கேமராவில் அளக்க முயல வேண்டாம். சுவரில் பார்த்த நிழலை நினைத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் ஒரு பள்ளிப் பையனின் கை நிமிர்வது போலத் தெரிந்தது என்பதற்காக அவனை எறிகிறவன் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அப்படிப்பட்ட சோதனைக்கென்று ஐசிசி அங்கீகரித்த ஆய்வகங்கள் இருக்கின்றன, சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் உள்ளது அவற்றில் ஒன்று.

ஏழாம் படி: விசையை உணர்வது

ஆய்வகத்தில் தரையோடு பதித்த விசைத்தட்டு நொடிக்கு ஆயிரம் முறை விசையை எழுதிக்கொள்ளும். நம்மிடம் அது இல்லை, ஆனால் முள் காட்டும் பழைய எடை மெஷின் ஒன்று கிடைத்தால் ஏறி நில்லுங்கள். சட்டென்று முழங்காலை மடக்கிக் கீழே இறங்குங்கள். எடை கூடும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்ப்பார்கள். முள் முதலில் குறையும், நீங்கள் இறக்கத்தை நிறுத்தும்போதுதான் உடல் எடையைத் தாண்டி ஏறும். குதிப்பின் விசை வரைபடம் தொடங்குவது இப்படித்தான். அந்த மெஷினின் மேலேயே குதித்துவிடாதீர்கள்.

இறங்கும் விசையைக் கணக்கிலேயே பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் தரை தொடும் வேகம் நொடிக்கு 2.43 மீட்டர். விறைத்த காலோடு 0.1 நொடியில் நின்றால் தரை தரும் சராசரி விசை உடல் எடையைப் போல மூன்றரை மடங்கு. முழங்காலும் இடுப்பும் மடங்கி 0.3 நொடி எடுத்துக்கொண்டால் 1.8 மடங்கு. ஒரே ஆள், ஒரே உயரம், நிற்க எடுத்துக்கொண்ட நேரம் மட்டும் வேறு. "மெத்தென்று இறங்கு" என்று பயிற்சியாளர் கத்துவதன் பொருள் இதுதான்.

இதற்கு மேல்

1920களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், கைதேர்ந்த தொழிலாளிகள் சுத்தியல் அடிப்பதைப் படமெடுத்து அளந்தார். ஒவ்வொரு அடியிலும் தோளும் முழங்கையும் வேறு வேறு பாதையில் போயின, ஆனால் சுத்தியல் முனை மட்டும் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தது. நான் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வெற்றிபெற்ற வீரரின் படத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் அதே கோணத்துக்கு வளைக்கப் பார்ப்பது, இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வரும் முதல் ஆசை. அந்த ஆசை வரும்போது சுத்தியல் முனையைப் பாருங்கள்.

முறைப்படி படிக்க விரும்பினால், பிசியோதெரபி, உடற்கல்வி, இயந்திரவியல், இயற்பியல் எதிலிருந்தும் வரலாம். கணக்கு பயமில்லாதவர்களுக்கும், பைத்தான் என்ற கணினி மொழியில் கொஞ்சம் எழுதத் தெரிந்தவர்களுக்கும் வேகமாகப் பிடிபடும். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் ஆகியவற்றின் பாடத்திட்டங்களைப் பாருங்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்சிம் என்ற இலவச மென்பொருள், எலும்பு, தசைகளின் மாதிரியை வைத்து அசைவைக் கணக்கிடக் கற்றுத்தரும். குதிப்பில் மூன்று மாதம் பழகிய பிறகு அதைத் திறந்தால் போதும்.

அதற்கு முன் இரண்டாம் கேள்வி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கை இடுப்பிலேயே இருக்கட்டும். ஒருமுறை நின்ற நிலையிலிருந்து டக்கென்று இறங்கி உடனே மேலே குதிக்கச் சொல்லுங்கள். இன்னொருமுறை பாதி குந்திய நிலையில் மூன்று நொடி அசையாமல் இருந்துவிட்டு, மேலும் இறங்காமல் அப்படியே குதிக்கச் சொல்லுங்கள். அதே நாணயம், அதே ஐந்து ஐந்து குதிப்பு, அதே செங்கல்மேல் அதே போன். எண்கள் வந்ததும், குதித்தவரிடம்தான் முதலில் காட்டுங்கள். எந்தக் குதிப்பில் கால் எப்படி இருந்தது என்று அவர் சொல்வதையும் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.